பத்து நொடியில் ஓர் ஆள்

ஆண்டியப்பனிடம் ஒரு கோழிகூட இல்லை என்பது சனிக்கிழமை மத்தியானம்தான் கோபிசங்கருக்குத் தெரியவந்தது.

"என்ன பெரியப்பா இது, முந்தாநாத்து ஆறு கோழி மேஞ்சுச்சே?"

"மேஞ்சுச்சு. நேத்து மருமகன் வந்தாரு." ஆண்டியப்பன் பல்லைக் குத்திக்கொண்டார்.

"ஆறையுமா?"

"மருமகனோட தம்பிமாரும் வந்தாங்க."

"நாளைக்கு மூணு மணிக்கு நீங்க கோழிங்களுக்குப் பெரட்டு எடுக்கணுமே!"

ஆண்டியப்பன் குச்சியைத் தூக்கி எறிந்தார். "இந்தா பாரு. நாப்பது வருசம் கணக்கப்பிள்ளையா இருந்தவன் நான். விடிய நின்னு பேர் கூப்பிட்டு, நீ ஏழாம் நம்பர் மலைக்குப் போ, நீ பன்னெண்டாம் நம்பருக்குப் போன்னு முந்நூறு பேரைப் பிரிச்சு அனுப்பினவன். மனுசனுக்குத்தான் பெரட்டு எடுத்தேன். கோழிக்கு எடுக்கல."

"கதையில எடுக்கிறீங்க."

"எழுதும்போது என்னையக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஆண்டியப்பனை மட்டுமல்ல, எவரையுமே கேட்கவில்லை. இப்போது வந்திருக்கிற வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

கோபிசங்கர் ஹட்டன் பஜாரில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்தான். வயது இருபத்து மூன்று. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள் கிடப்பான். கொட்டகலையில் இறங்குகிற மூடுபனி அவன் கண்ணுக்குப் பனிப்பொழிவாகத் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் நாடு கடத்தப்பட்ட பிரபுவாகத் தெரிவார். யாராவது பிறப்புச் சான்றிதழை நீட்டி இரண்டு கொப்பி கேட்டால், இந்த ஆள் எந்த நாவலில் எத்தனையாம் பக்கத்தில் வரவேண்டியவர் என்று யோசித்துக்கொண்டே ஐந்து கொப்பி எடுத்துவிடுவான்.

அந்த நாவல்களிலிருந்து அவன் ஒரு வித்தையைக் கண்டுபிடித்திருந்தான். பெரிய எழுத்தாளர்கள் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவரும்போது அவருடைய ஊர், பிறப்பு, படிப்பு என்று இழுத்துக்கொண்டிருப்பதில்லை. ஆள் உள்ளே வருவார். ஏதாவது ஒன்றைச் செய்வார். அவ்வளவுதான், ஆயுசுக்கும் மறக்காது. பத்து நொடி போதும். இதைத் தன் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தான். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிஜத்திலும் எந்த மனிதரையும் பத்து நொடி பார்த்தால் இன்னாரென்று சொல்லிவிடத் தன்னால் முடியும் என்று நம்பத் தொடங்கியிருந்தான்.

கொழும்பில் ஒரு தொலைக்காட்சி, மலையக மக்களைப் பற்றிய தொடர் நாடகத்துக்கு முதல் பத்துப் பக்கங்களை எழுதி அனுப்பச் சொல்லி அறிவித்தது. கோபிசங்கர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான தன் லயத்தையே எழுத உட்கார்ந்தான். உள்ளபடி எழுதினால் பத்து நொடி அல்ல, பத்து மாதமானாலும் ஒருவரும் மனதில் நிற்கமாட்டார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆண்டியப்பன் நாள் முழுக்க வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி ரோட்டைப் பார்ப்பார். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற காளியாயி கொழுந்து எடுக்கப் போவாள், வருவாள், உலை வைப்பாள். கடைசிக் காம்பராவில் வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் யோகேஸ்வரன் கணக்குப் படிப்பிப்பார், வந்து தூங்குவார். இவர்களை வைத்து என்ன செய்வது?

மனதில் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு கைப்பிடி வைத்தான். ஆண்டியப்பன் தினமும் தன் கோழிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். காளியாயி எந்தச் செய்தியைக் கேட்டாலும் மயங்கி விழுவாள். ஆனால் விழுவதற்கு முன் கீழே சாக்கு விரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். யோகேஸ்வரன் கழுத்தில் விசிலோடு திரிந்து, கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்.

லயத்தில் சிக்னல் கிடைக்காது. தண்ணித் தொட்டி மேட்டில் ஏறி நின்றபோதுதான், போன வாரம், சர்மிளா என்கிற தயாரிப்பாளரிடமிருந்து அந்த மெசேஜ் வந்து விழுந்தது. 'உங்கள் பாத்திரங்கள் நுழைந்த உடனேயே கண்ணில் நிற்கிறார்கள். இவர்கள் நிஜ மனிதர்களா?'

கோபிசங்கருக்குத் தலை கிறுகிறுத்தது. 'ஆமாம் மேடம். எல்லோரும் எங்கள் லயத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை' என்று அனுப்பினான்.

'அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியளவில் வருகிறோம். நாங்கள் யாரென்று எவருக்கும் சொல்ல வேண்டாம். நாங்களும் சொல்லமாட்டோம். நீங்களும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். உங்கள் எழுத்தை வைத்து நாங்களே ஆட்களைக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்துவிட்டால் தொடர் உங்களுடையது.'

அன்றிலிருந்து கோபிசங்கர் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினான்.

"நான் எப்ப ஐசே விசில் ஊதினனான்?" என்றார் யோகேஸ்வரன். "படிப்பிக்கிற மனுசனைப் போய் இப்பிடி எழுதிப்போட்டீரே."

"ஒருநாள் மட்டும் சேர். அரை மணித்தியாலம்."

"வடைக்கும் புள்ளி போட வேணுமோ?"

"வடைக்கும்தான் சேர்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "செய்முறைக்கு வேற, தோற்றத்துக்கு வேற எண்டு பிரிச்சுப் போடலாமோ?"

காளியாயிக்குக் கெஞ்சவே வேண்டியிருக்கவில்லை. "டிவியில வருமாடா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மறுநாளே இஸ்தோப்பில் நாலு தடவை விழுந்து பழகினாள். ஐந்தாம் தடவை, கடைக்காரன் பாண் ரொட்டி முடிந்துவிட்டது என்று சொன்னதற்கே விழுந்தாள்.

ஆண்டியப்பனுக்குத்தான் கோழி இல்லை. கோபிசங்கர் மேல் லயத்துக்கு ஓடி, ஐந்து பெட்டைகளையும் ஒரு சேவலையும் இரவல் வாங்கிவந்து கூடையில் கவிழ்த்தான். சேவல் வந்ததும் வராததுமாக ஆண்டியப்பனின் காலைக் கொத்தியது.

"சங்கத் தலைவர் மாதிரி இருக்கான்," என்றார் ஆண்டியப்பன், முதல் தடவையாக ஆர்வத்துடன். "இவனை நான் பாத்துக்கிறேன்."

எல்லாம் அமைந்துவிட்டது என்று வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா ஜீவராணி புதுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்கேயும் போயிராத. அக்காவைப் பாக்க வர்றாங்க."

"யாரு?"

"வீரய்யா தரகர் சொன்ன இடம். முத தடவைங்கிறதால பொண்ணு பாக்க வந்தோம்னு சொல்லமாட்டாங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தோம்னுதான் சொல்லுவாங்க. நாமளும் ஒண்ணும் கேக்கக்கூடாது. புடிக்கலைன்னா ரெண்டு பக்கமும் மானம் போகாது பாரு. தரகரும் கூட வரமாட்டாரு, வந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்."

"நாளைக்கா? எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்குச் சொன்னா நீ எழுதிருவ."

அக்கா பிரேமினிக்கு இருபத்தெட்டு வயது. ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் இருந்தாள். இதற்கு முன் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்து, தேநீர் குடித்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கோபிசங்கரிடம் ஒரே ஒரு தடவை, அந்தப் பத்துப் பக்கங்களைப் படித்துவிட்டு, கேட்டாள். "இதுல நான் எங்கடா?"

"உன்னைய எழுதலக்கா. ஒனக்குப் பத்து நொடி வரமாட்டேங்குது."

"ம்," என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்காவது நாளை ஒழுங்காக நடக்கவேண்டுமே என்று நினைத்தான். நாளை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி மயங்கி விழுந்தால்? கிழவர் கோழிக்குப் பேர் கூப்பிட்டால்? இந்தக் கூட்டத்தில் யார் பெண் எடுப்பார்கள்?

மறுபடியும் ஒவ்வொரு காம்பராவாக ஓடினான். "மூணு மணி வரைக்கும் யாரும் ஒண்ணும் செய்யக்கூடாது. சாதாரணமா இருங்க."

"சாதாரணமான்னா எப்பிடி?" என்றாள் காளியாயி.

"எப்பவும் போல அத்தை."

"எப்பவும் எப்பிடிடா இருப்பேன்? நீ சொல்லிக் குடு."

கோபிசங்கர் தலையைச் சொறிந்தான். "வாங்கன்னு சொல்லுங்க. சாப்டீங்களான்னு கேளுங்க. அப்புறம், மழை வரும் போல இருக்குன்னு சொல்லுங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லயத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். கோபிசங்கர் ஜன்னலோரம் நின்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். ஆறு வரும்போதே முடிந்துவிட்டது. பருத்திச் சேலை, பெரிய பொட்டு, கூரைத் தகரத்திலிருந்து சாக்கடைக் கானோரம் வரை அளவெடுக்கிற பார்வை: இது மாப்பிள்ளையின் அம்மா. தொந்தியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கியபடி ஏறுகிறவர்: தாய்மாமன். தாடி வைத்து, யாரையும் நேராகப் பார்க்காமல், அதே நேரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டு வருகிற உயரமான இளைஞன்: மாப்பிள்ளை.

"வணக்கம்," என்றாள் அந்த அம்மாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம். மழைக்கு முந்தி பாத்துட்டுப் போயிரலாம்னு வெள்ளனவே வந்துட்டோம்."

ஜீவராணி மகனை அர்த்தத்துடன் பார்த்தாள். தரகர் சொன்ன அதே வார்த்தை. "வாங்க வாங்க. உள்ள வாங்க."

இஸ்தோப்பில், பள்ளிக்கூட வகுப்புப் படத்துக்கு இருக்கிறவர்களைப் போல, ஆண்டியப்பனும் காளியாயியும் யோகேஸ்வரனும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் முழங்காலில் கை வைத்திருந்தார்கள்.

"வாங்க," என்றார் ஆண்டியப்பன்.

"சாப்டீங்களா?" என்றாள் காளியாயி.

"மழை வரும் போல கிடக்கு," என்றார் யோகேஸ்வரன்.

தாடிக்காரன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காளியாயியின் அருகே குனிந்தான். "அம்மா, இந்த லயத்துல ஏதாவது விசேஷமான செய்தி உண்டா?"

காளியாயியின் கண் தானாகவே கீழே சாக்கைத் தேடியது. கோபிசங்கர் இருமினான். அவள் உடம்பை இறுக்கிக்கொண்டு, "மழை வரும் போல இருக்குங்க," என்றாள்.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்று அந்த அம்மாள் ஆண்டியப்பனைக் கேட்டாள்.

அதே நேரம் கூடையைத் தள்ளிக்கொண்டு சேவல் வெளியே வந்தது. ஆண்டியப்பனுக்கு எதிரே நின்று, தலையைச் சாய்த்து, என்ன செய்துவிடுவாய் என்பது போலப் பார்த்தது. ஆண்டியப்பனின் உதடு துடித்தது. நாற்பது வருடப் பழக்கம் தொண்டை வரை வந்துவிட்டது. கோபிசங்கர் அவர் காலை மிதித்தான்.

"சாப்டீங்களா?" என்றார் ஆண்டியப்பன், கண்ணில் நீர் வர.

பிரேமினி தட்டில் தேநீரோடு வந்தாள். அந்த அம்மாள் அவளை நன்றாகப் பார்த்தாள். "பேரென்னம்மா? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. ஆ, நல்ல குரல். அந்த வாசல் வரைக்கும் நடந்துட்டு வாறியா?"

பிரேமினி நடந்தாள். திரும்பி வந்தாள். முன்பு வந்தவர்களும் நடக்கச் சொன்னார்கள், அதிலொன்றும் புதிதில்லை. தாடிக்காரன் மட்டும் அவளைப் பாராமல் ஓட்டைப் பானை, சேவல், யோகேஸ்வரனின் வெறும் கழுத்து என்று எதையெதையோ பார்த்தான். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று ஜீவராணி கிசுகிசுத்தாள்.

அரை மணித்தியாலம் இருந்தார்கள். அதற்குள் மழை வரும் போல இருக்கிறது என்று பதினோரு தடவை சொல்லப்பட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசியில் மூன்று பேரும் தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஒதுங்கி நின்று ஏதோ பேசினார்கள். தாடிக்காரன் தலையை ஆட்டினான். மேலும் கீழுமாக அல்ல, இடமும் வலமுமாக.

அந்த அம்மாள் திரும்பி வந்து ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல மனுஷங்க. அமைதியான இடம். ஆனா தப்பா நினைக்காதீங்க, நாங்க மனசுல வச்சிட்டு வந்தது ஒண்ணு, இங்க பாத்தது ஒண்ணு. எங்களுக்குச் சரிவராது." கோபிசங்கரைப் பார்த்து, "தம்பி, மனசை விட்டுறாதீங்க," என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள்.

என்ன பெருந்தன்மை, என்று அவன் நினைத்தான். பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தம்பிக்கு ஆறுதல்!

வேன் போனது. ஜீவராணி அடுப்படியில் போய்ச் சுவரோடு சாய்ந்தாள். சம்மதம் சொன்னால் சுற்றுவதற்காக மறைத்துவைத்திருந்த ஆரத்தித் தட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

"அந்த வீரய்யா மூஞ்சியில இனி முழிக்கமாட்டேன். போன் பண்ணினாலும் எடுக்கமாட்டேன்."

"இங்கதான் சிக்னலே கெடையாதேம்மா," என்றான் கோபிசங்கர்.

"கெடைச்சாலும் எடுக்கமாட்டேன்!"

பிரேமினி கோப்பைகளைக் கழுவினாள். "நான் நடந்தது சரியில்லையோ?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விடு. மூணு மணிக்கு உன்னோட டிவிக்காரங்க வருவாங்கள்ல? அதையாவது ஒழுங்காப் பண்ணு. வடை நான் சுடுறேன்."

கோபிசங்கருக்கு அழுகை முட்டியது. அக்காவுக்காக மனிதர்களையெல்லாம் மரக்கட்டையாக்கி உட்காரவைத்தும் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இனி தொடர் ஒன்றுதான் மிச்சம். அது கிடைத்தால் அக்காவை முதல் காட்சியிலேயே கொண்டுவருவதாக மனதுக்குள் சத்தியம் செய்தான். வாசலுக்கு வந்து மூன்று பேரையும் பார்த்தான்.

"பெரியப்பா, அத்தை, சேர். காலையில அடக்கி வச்சதையெல்லாம் சேத்து அவுத்து விடுங்க. கொஞ்சங்கூடக் கொறைக்காதீங்க."

"அதைச் சொல்லு முதல்ல," என்றார் ஆண்டியப்பன், வேட்டியை மடித்துக் கட்டியபடி.

மூன்று மணிக்குச் சரியாக இன்னொரு வேன் வந்தது. இதற்கு எண்ணவே தேவைப்படவில்லை. முதலில் இறங்கியவர் தலையில் தொப்பி, உடம்பில் பத்துப் பன்னிரண்டு பை வைத்த மேல்சட்டை, கழுத்தில் முழங்கை நீளக் கெமரா: இயக்குநர். அடுத்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றியிருந்த பெண்: சர்மிளா மேடம். கடைசியாக, இரண்டு கையிலும் பெரிய பைகளோடு, கக்கத்தில் குடையோடு, ஒல்லியாக ஒருவர்: சாமான் தூக்குகிறவர்.

"வணக்கங்க," என்றார் தொப்பிக்காரர். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம். ரோட்டுல மண் சரிஞ்சு கெடந்துச்சு, அதான் சுணங்கிருச்சு. மன்னிச்சுக்கணும்."

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டு மன்னிப்பும் கேட்கிறாரே என்று கோபிசங்கர் உருகினான். அதோடு, கொழும்புக்காரர் மலைநாட்டுப் பேச்சை எவ்வளவு சுத்தமாகப் பழகியிருக்கிறார்! "தெரியும் சேர். நீங்க ஒண்ணும் சொல்லவேணாம்," என்று ஒரு கண்ணைச் சிமிட்டினான். தொப்பிக்காரர் குழப்பத்தோடு தானும் ஒரு கண்ணைச் சிமிட்டிவைத்தார்.

நல்ல நாற்காலி இரண்டுதான் இருந்தது. "அண்ணே, நீங்க அப்பிடி அடுப்படிப் பக்கம் போய்க் குந்துங்க. சாமானைப் பத்திரமா வைங்க," என்று ஒல்லிக்காரரைப் பின்னால் அனுப்பினான். அவர் தொப்பிக்காரரின் முகத்தைப் பார்த்தார். தொப்பிக்காரர் கையை விரித்தார். அவர் பைகளோடு உள்ளே போனார்.

"மண்ணு சரிஞ்சிருச்சா!" என்றாள் காளியாயி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் நெஞ்சில் கை வைத்தாள். கீழே குனிந்து பார்த்தாள். மடித்துவைத்திருந்த சாக்கை எடுத்து உதறி, சுருக்கம் நீக்கி விரித்தாள். தலைமாட்டுக்கு ஒரு பொட்டலம் வைத்தாள். பிறகு, "ஐயோ!" என்று விழுந்தாள்.

"அம்மாடி! தண்ணி கொண்டாங்க!" என்று கண்ணாடிப் பெண் எழுந்தாள்.

காளியாயி ஒரு கண்ணைத் திறந்தாள். "மூஞ்சியில ஊத்தாதீங்க தாயி. பவுடர் போட்டிருக்கேன்."

பீப்! விசில் சத்தம். யோகேஸ்வரன் கையில் கொப்பியோடு முன்னால் வந்தார். "விழுந்த விதம், எழுவத்திரண்டு. சாக்கு விரிச்சது, எம்பது. மொத்தத்தில பாஸ், அதுவும் திறமைச் சித்தி." வடைத் தட்டை உற்றுப் பார்த்தார். "வடை தோற்றம் நாப்பத்தெட்டு. செய்முறை பிறகு சொல்லுறன்." ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தொப்பிக்காரரைச் சுற்றிவந்தார். "கெமரா, எழுவது. தொப்பி, முப்பத்தைஞ்சு. தம்பி, கொஞ்சம் முயற்சி காணாது."

"என்னாதுங்க?" என்றார் தொப்பிக்காரர்.

"ஏய், வரிசையா நில்லுங்க!" என்று இடிபோல ஒரு குரல். கணக்கப்பிள்ளை காலத்துக் காக்கிக் காற்சட்டைக்கு மாறி, தலைப்பாகையோடு ஆண்டியப்பன் வாசலில் நின்றார். அவருக்கு முன்னால் கோழிகள் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. "முத்தம்மா! ஏழாம் நம்பர் மலை. செவனம்மா! நீயும் அங்கதான். ராக்கு எங்க? ராக்கு வரல? அரை நாள் சம்பளம், அரைப் பேர்தான் போடுவேன். டேய் தலைவரே, என்னடா பார்வை? சங்கத்துல போய்ச் சொல்லுவியா? போய்ச் சொல்லுடா!"

சேவல் போய்ச் சொல்லவில்லை. நேராகப் பறந்து அவர் முகத்துக்கு வந்தது. யோகேஸ்வரன் பதற்றத்தில் முழு மூச்சோடு விசிலை ஊதினார். அந்தச் சத்தத்துக்குக் கோழிகள் நாலு பக்கமும் சிதறின. ஒன்று கண்ணாடிப் பெண்ணின் மடியில் இறங்கியது. இன்னொன்று தொப்பியில் உட்கார்ந்தது. காளியாயி இதைப் பார்த்து உண்மையாகவே மயங்கினாள். சாக்கைப் பார்க்க நேரமில்லாததால் ஆண்டியப்பன் மேலேயே விழுந்தாள்.

"சேவலுக்குத் தொண்ணூறு!" என்று யோகேஸ்வரன் கத்தினார்.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜீவராணிக்கு, மகனுக்காகத் தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளே ஓடி, அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்த ஆரத்தித் தட்டை எடுத்து, சூடத்தைக் கொளுத்தி, கோழி உட்கார்ந்திருந்த தொப்பிக்காரருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். கெமராவுக்குத் தனியாக ஒரு பொட்டு வைத்தாள்.

கோபிசங்கர் புல்லரித்து நின்றான். எந்த நாவலிலும் எந்த எழுத்தாளனும் இப்படி ஓர் அறிமுகக் காட்சியைக் கண்டதில்லை. பத்து நொடியா? ஒவ்வொருவரும் இரண்டே நொடியில் நின்றுவிட்டார்கள். அடுப்படிப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் மட்டும் இடையிடையே கேட்டது. அக்காவின் சிரிப்பைப் போல இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை.

மெல்ல மெல்ல அமைதி திரும்பியது. தொப்பிக்காரர் தலையிலிருந்த கோழியை இரண்டு கையாலும் இறக்கி, மரியாதையாகக் கீழே விட்டார். நாக்கை நீட்டி ஓர் இறகைத் துப்பினார். கண்ணாடிப் பெண் எப்போதோ வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"சேர்," என்றான் கோபிசங்கர். "ஆளுங்க எல்லாரையும் அடையாளம் கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"நல்லாக் கண்டுபுடிச்சிட்டேன் தம்பி."

"அப்ப... உங்க முடிவு?"

தொப்பிக்காரர் லயத்தை ஒருமுறை கடைசிவரை பார்த்தார். ஆண்டியப்பன் தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருந்தார். காளியாயி சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். "என் முடிவைக் கேட்டா நான் இப்பவே ஓடிருவேன். ஆனா நான் யாரு சொல்றதுக்கு? தலவாக்கலையில ஸ்டூடியோ வச்சிப் பொழைக்கிறவன். அவன்தான் சொல்லணும்."

அவர் கை காட்டிய திசையில், அடுப்படி வாசலில், பைகளைத் தூக்கிவந்த ஒல்லிக்காரர் காலிக் கோப்பையோடு நின்றார். அவருக்குப் பின்னால் பிரேமினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், கழுத்துவரை சிவந்திருந்தாள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கும்படி வாயைத் திறந்தார்.

"எனக்குப் பொண்ணு முழுச் சம்மதம் மாமா, ஆனா கல்யாணத்தை இந்த மாசமே வச்சிருவோம், பாவம், இந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவங்களை இன்னும் எத்தன நாளைக்கு விட்டுவைக்கிறது!"